ஸ்கீயை எந்த நீளத்தில் எடுப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பனிச்சறுக்கைப் பற்றி நான் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு நம் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றியே இருக்கின்றன: காலில் மாட்டிக்கொள்ளும் ஸ்கீ எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? பனி என்பதைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் தட்டில் மட்டுமே பார்க்கும் செட்டிநாட்டில் இந்தக் கேள்வி எழுவதில் வியப்பில்லை. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் வேலை பார்க்கிறார்கள். குளிர்கால விடுமுறைக்கு அவர்களைப் பார்க்கப் போகிற பெற்றோரும் ஒரு நாளாவது பனிச்சரிவில் நிற்கிறார்கள். வந்த கடிதங்களில் எட்டை எடுத்துக்கொண்டு, என்னால் இயன்றவரை விளக்கமாகப் பதில் சொல்கிறேன்.

கானாடுகாத்தான் வாசகர் ஒருவர்: மகன் சூரிச் நகரில் பணியாற்றுகிறான். ஜனவரியில் நானும் என் மனைவியும் அங்கே போகிறோம். எனக்கு வயது 54, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. இதுவரை பனியில் கால் வைத்ததே இல்லை. ஸ்கீ என் தாடை உயரத்துக்கு இருந்தால் போதும் என்று மகன் சொல்கிறான். அவனுடைய நண்பரோ என் எடைக்கு 165 செ.மீ. வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மகன் சொல்வதில் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. காரணத்தைச் சொன்னால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நடவுக்கு முன்பு சேற்று வயலில் பரம்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெறுங்காலோடு இறங்கினால் முழங்கால்வரை புதைகிற அதே சேற்றில், பரம்புப் பலகையின் மேல் ஏறி நிற்கிறவர் புதைவதில்லை. அவருடைய பாரம் பலகையின் நீளம் முழுவதும் பரவிவிடுகிறது. பலகை நீளமாக நீளமாக நேரான ஓட்டம் நிதானப்படும். ஆனால் வயலின் மூலை வந்ததும் நீளப் பலகையைத் திருப்புவதற்குப் படும் பாடு குட்டைப் பலகைக்கு இல்லை. ஸ்கீயின் நீளத்தைப் பற்றிய பேச்சு எல்லாமே இந்த இரண்டு குணங்களுக்கு இடையில்தான் நடக்கிறது: நீளமானது வேகத்தில் அதிராமல் நிலையாக ஓடும், இளம்பனியில் மிதக்கும், கெட்டிப்பனியில் அதிக நீளத்துக்கு விளிம்பைப் பதித்துப் பிடிக்கும், குட்டையானது எளிதில் திரும்பும், மெதுவான வேகத்திலும் சொன்னபடி கேட்கும்.

முதல்நாள் கற்கிறவருக்கு வேகம் தேவையில்லை. நிற்பதும் திரும்புவதும்தான் தேவை. ஆசிரியர் முதலில் சொல்லித்தருவது ஸ்கீயின் முனைகளை நெருக்கி, வால்களை அகற்றி, ஓட்டுக்கூரையின் முகடுபோல் வைத்துக்கொண்டு மெல்ல இறங்கும் முறையாகும். ஸ்கீ நீளமாக இருந்தால் வால்களை அகற்றுவதற்குக் கால் வலுவில் பாதி செலவாகிவிடும். முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆகையால்தான் புதியவருக்குத் தாடைமுதல் வாய்வரையிலான உயரம் என்ற அளவு வழக்கில் இருக்கிறது. உங்கள் உயரத்துக்குத் தாடை ஏறக்குறைய 145 செ.மீ. அளவில் வரும். மகன் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

ஆனால் ஸ்கீக்கு உங்கள் உயரம் தெரியாது. அதற்குத் தெரிவது உங்கள் பாரம் மட்டுமே. ஒரு ஸ்கீயைத் தரையில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் நடுப்பகுதி சற்று மேலெழும்பி நிற்கும்; இதைக் கேம்பர் என்கிறார்கள். நம் பக்கத்து வில்வண்டியின் வில் எப்படியோ அப்படி. அளவான பாரம் ஏறினால் வில் இதமாக அமுங்கிக் கொடுக்கும். ஒற்றை ஆள் ஏறினால் அமுங்காமல் தூக்கிப்போடும். பாரம் மிஞ்சினால் தட்டையாகப் படுத்துவிடும். உங்கள் எடை உங்கள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதல் என்பதால், 145 உங்களுக்குப் பாரம் மிஞ்சிய வண்டியைப் போல ஆகக்கூடும். முனைப்பகுதி நடுக்கத்தோடு ஓடும், வேகம் சிறிது ஏறினாலும் கால் தடுமாறும். எனவே ஒரு படி ஏற்றி 150 எடுங்கள். கடையில் அந்த அளவு இல்லையென்றால் 155 வரை போகலாம். 165 இப்போது வேண்டாம். அது, எங்கே நினைத்தாலும் திரும்பவும் நிற்கவும் பழகிய பிறகு எடுக்க வேண்டிய அளவு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, எவ்வளவு பழக்கம் என்றெல்லாம் கேட்பார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்பவர்கள் உண்டு. கௌரவத்துக்காகப் பழக்கத்தை ஏற்றிச் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்தானவை. அந்த விவரங்களை வைத்து நீளத்தைத் தேர்வதோடு அவர்கள் நிற்பதில்லை. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் எவ்வளவு விசைக்குக் கழன்றுகொள்ள வேண்டும் என்ற அளவையும் அவற்றைக் கொண்டே, பூட்ஸ் அடியின் நீளத்தையும் சேர்த்து, அட்டவணையில் பார்த்துத்தான் அமைக்கிறார்கள். 50 வயதைக் கடந்தவருக்கு அந்த அட்டவணையில் ஒரு வரி குறைத்துத்தான் அமைப்பார்கள். ஆகையால் வயதையும் உள்ளபடியே சொல்லுங்கள். விழும்போது பைண்டிங் கழலாவிட்டால் நீளமான நெம்புகோலாக மாறி முழங்காலைத் திருகுவது அந்த ஸ்கீதான். நான் முதன்முதலாகப் போனபோது கடைக்காரர் என் உயரத்தை மட்டும் கண்ணால் அளந்து 175 செ.மீ. ஸ்கீயைக் கொடுத்தார், எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அன்று மதியத்துக்குள் இடது முழங்கால் வீங்கிப்போய், மீதியிருந்த நான்கு நாள்களையும் சன்னலோரத்தில் உட்கார்ந்து கழித்தேன். மறு ஆண்டு 155 செ.மீ. எடுத்தபோதுதான் கற்றுக்கொள்ளவே முடிந்தது. அந்த ஆண்டு வீணானதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் மனைவிக்கும் இதே முறையில் அவருடைய தாடை உயரத்தை அளந்து, எடைக்கேற்ப ஒரு படி ஏற்றியோ இறக்கியோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவருக்கும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பைண்டிங் ஒருவருக்கென்று அமைத்தது.

தேவகோட்டை வாசகி ஒருவர்: என் பேரன் கனடாவில் கால்கரியில் இருக்கிறான். எட்டு வயது. உயரம் 126 செ.மீ., எடை 25 கிலோ. இந்தக் குளிர்காலத்தில் ஸ்கீ வகுப்பில் சேர்க்கிறார்கள். மகள் 130 செ.மீ. ஸ்கீயை விலைக்கு வாங்கப்போகிறேன், இரண்டு வருடம் வரும் என்கிறாள். வளர்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் பெரிதாக வாங்குவது நல்லதுதானே?

ஆச்சி, தீபாவளிச் சட்டையை இரண்டு விரல் கூட்டித் தைத்து வளர்ந்த நாமெல்லாம் அப்படித்தான் நினைப்போம். சட்டை தொளதொளவென்று இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஸ்கீயில் அந்தச் சிக்கனம் செல்லாது. 25 கிலோப் பிள்ளையால் தன் தலைக்கு மேல் போகிற ஸ்கீயை அழுத்தி வளைக்க முடியாது. வளையாத ஸ்கீ திரும்பாது. திரும்பாத ஸ்கீயோடு சரிவில் இறங்குகிற பிள்ளை பயந்துபோய்ப் பின்னால் சாய்ந்துகொள்ளும். அப்படிச் சாய்ந்து நிற்கிற பழக்கம் ஒருமுறை உடம்பில் படிந்துவிட்டால் அதைப் போக்குவது ஆசிரியர்களுக்குப் பெரும்பாடு.

முதல் வருடம் கற்கிற பிள்ளைக்கு மார்புக்கும் தாடைக்கும் இடைப்பட்ட உயரம் போதும். உங்கள் பேரனுக்கு 100 செ.மீ. சரியாக இருக்கும்; துருதுருவென்று பயமில்லாமல் ஓடியாடுகிற பிள்ளை என்றால் 105 எடுக்கலாம். எட்டு வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. வளர்வதால், விலைக்கு வாங்குவதே வீண் என்பது என் கருத்து. கனடாவில் பருவம் முழுவதற்கும் சேர்த்து ஸ்கீ, பூட்ஸ் எல்லாவற்றையும் வாடகைக்குக் கொடுக்கும் முறை இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பழைய சாமான்களை மாற்றிக்கொள்ளும் சந்தைகளும் நடக்கும். மகளை அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். பூட்ஸையும் பெரிதாக வாங்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். காலுக்கும் ஸ்கீக்கும் நடுவில் இருப்பது பூட்ஸ்தான், அது ஆடினால் எந்த நீளமும் உதவாது.

சரியான அளவா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பேரன் வகுப்பு முடிந்து வந்ததும் இரண்டு ஸ்கீயையும் அவனே தோளில் தூக்கிக்கொண்டு வருகிறானா, அப்பா தூக்கிக்கொண்டு வருகிறாரா என்று தொலைபேசியில் கேளுங்கள். தூக்கிச் சுமக்க முடியாததை அவன் எப்படித் திருப்புவான்?

காரைக்குடிக் கல்லூரி மாணவர் ஒருவர்: வரும் பிப்ரவரியில் குல்மார்க்கில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போகிறேன். கருவிகளை அங்கேயே கொடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். என் உயரம் 175 செ.மீ., எடை 58 கிலோதான். எந்த நீளம் கேட்பது?

உங்கள் உயரத்தைப் பார்த்ததும் 165, 170 என்று எடுத்து நீட்டுவார்கள். 150 கேளுங்கள், 145 கிடைத்தாலும் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பதிலில் சொன்ன வில்வண்டியில் ஒற்றை ஆளாக ஏறுகிறவர் நீங்கள்தான். 58 கிலோ எடைக்கு நீளமான, விறைப்பான ஸ்கீ அமுங்காது. வளைந்து கொடுக்கும் மெல்லிய வகை எது என்றும் கேட்டுப் பாருங்கள். முனையையும் வாலையும் பிடித்துக்கொண்டு நடுவில் அழுத்தினால் கைக்கே தெரிந்துவிடும்.

காஷ்மீரில் உள்ள குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள கோண்டோலா, அதாவது கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் கூண்டு வண்டி, இரண்டு கட்டங்களாக ஏறுகிறது. முதல் கட்டம் கோங்டூரி வரை, இரண்டாவது கட்டம் அஃபர்வத் மலைத்தோள் வரை. இரண்டாவது கட்டத்திலிருந்து இறங்கும் சரிவுகளெல்லாம் இயந்திரம் கொண்டு சீர்செய்யாத ஆழ்பனிச் சரிவுகள். உலகெங்கிலும் இருந்து தேர்ந்தவர்கள் அந்தப் பனிக்காகத்தான் வருகிறார்கள். அவர்கள் கையில் 180 செ.மீ.க்கு மேற்பட்ட அகன்ற ஸ்கீகளைப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து நமக்கும் அப்படியொன்று வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். உங்கள் இரண்டு வாரமும் கீழேயுள்ள இளஞ்சரிவுகளில்தான் கழியும், அங்கே 150 போதும்.

வாங்கும்போது இரண்டு ஸ்கீயும் ஒரே வகை, ஒரே நீளந்தானா என்று பாருங்கள். நீளம் ஸ்கீயின் மேற்பரப்பிலேயே செ.மீ. கணக்கில் அச்சிட்டிருக்கும். பயிற்சிக்குப் பலர் கைமாறிய கருவிகளில் ஜோடி மாறிக் கிடப்பது எங்கும் நடக்கக்கூடியது. பக்கவாட்டு எஃகு விளிம்பில் துருவோ பெரிய பள்ளமோ இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து ஆசிரியர் உங்கள் திருப்பங்களைப் பார்த்து 155க்கு மாறலாம் என்றால் மாறுங்கள். இப்படிப் படிப்படியாக நீளத்தைக் கூட்டிக் கற்பிக்கும் முறை புதியதன்று. 1960களில் அமெரிக்காவில் கிளிஃப் டெய்லர் என்ற ஆசிரியர் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள குட்டை ஸ்கீயில் தொடங்கி, தேறத் தேற நீளத்தைக் கூட்டிக் கற்பித்தார். எல்லோரும் இரண்டு மீட்டர் ஸ்கீயோடு போராடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அப்படிச் செய்தார் என்பதை எண்ணும்போது எனக்கு அவர்மேல் மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

கோட்டையூர் வாசகர் ஒருவர்: என் அண்ணன் 1980களில் ஜெர்மனியில் இருந்து திரும்பியபோது கொண்டுவந்த ஸ்கீ ஜோடி எங்கள் வீட்டுப் பெட்டகசாலையில் இன்னும் இருக்கிறது. அளந்து பார்த்தால் 205 செ.மீ. வருகிறது. என் மகன் மேற்படிப்புக்கு ஆஸ்திரியா போகிறான். இதையே எடுத்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். பெட்டகசாலையிலேயே பத்திரமாக இருக்கட்டும், அல்லது முகப்பில் மாட்டி வையுங்கள். ஒரு காலத்தின் சின்னம் அது.

உங்கள் அண்ணன் தவறான நீளத்தை வாங்கிவிடவில்லை. அந்நாளில் கையை உயரத் தூக்கி, மணிக்கட்டு எட்டும் இடம்வரை ஸ்கீ இருக்க வேண்டும் என்பதுதான் அளவு, 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு 205 என்பது அன்றைய வழக்கத்துக்கு மிகப் பொருத்தம். வடிவம் மாறியதால்தான் நீளம் குறைந்தது. பழைய ஸ்கீ ஏறக்குறைய நேரான பலகை. முனைக்கும் இடைக்கும் அகலத்தில் அதிக வேறுபாடு இருக்காது. ஸ்கீயைச் சாய்த்து விளிம்பில் நிறுத்தும்போது அதன் பக்கவாட்டு வளைவுதான் பனியில் வட்டமாகக் கோடு கிழிக்கிறது. அந்த வட்டத்தின் ஆரம் பழைய ஸ்கீக்கு 40 மீட்டரையும் தாண்டும். அவ்வளவு பெரிய வட்டத்தில் ஒரு சரிவுப் பாதையே முடிந்துவிடும் என்பதால், வழுக்கியும் உதறியும் உடம்பால் திருப்பித்தான் இறங்கினார்கள். அதில் தேர்ந்தவர்களின் கால் நளினம் தனி அழகு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1990களின் முற்பகுதியில் ஸ்லோவீனியாவின் எலான் நிறுவனம் எஸ்.சி.எக்ஸ். என்ற பெயரில், இடை ஒடுங்கி முனையும் வாலும் விரிந்த, நடுவில் ஒடுங்கிய உடுக்கைபோன்ற ஸ்கீயைக் கொண்டுவந்தது. சாய்த்தால் தானே திரும்புகிற அந்த வடிவத்தைச் சில ஆண்டுகளுக்குள் மற்ற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. அகன்ற முனையும் வாலும் பனியைப் பிடிப்பதால் அதே பிடிப்புக்கு அவ்வளவு நீளம் தேவைப்படவில்லை. 205 மாட்டியவர்கள் 170க்கு இறங்கினார்கள். இன்றைய ஸ்கீயின் மேல் 122-74-104 என்பதுபோல மூன்று எண்களைப் பார்க்கலாம். அவை முனை, இடை, வால் ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். பக்கத்தில் ‘ஆர்’ என்ற எழுத்தோடு 14 அல்லது 16 என்று இருந்தால் அது திரும்பும் வட்டத்தின் ஆரம், மீட்டரில். ஒரே வகை ஸ்கீயிலேயே நீளம் கூடினால் ஆரமும் கூடும். அந்த எண்ணையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

நீளத்தைவிட நான் அஞ்சுவது பைண்டிங்கை எண்ணித்தான். நாற்பது வருடம் நம் ஊர்க் கோடையில் கிடந்த விசைச்சுருள் சரியான நேரத்தில் கழன்றுகொடுக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அவ்வளவு பழைய பைண்டிங்கைச் சரிபார்த்துத் தரவும் கடைகள் மறுத்துவிடும். கூடவே பூட்ஸும் இருந்தால் அதையும் தொட வேண்டாம். பிளாஸ்டிக் ஆண்டுக்கணக்கில் நொறுங்கும் தன்மை பெற்றுவிடுவதால் காலிலேயே உடைந்துபோவது உண்டு.

பள்ளத்தூரைச் சொந்த ஊராகக் கொண்டு, காலராடோவில் வாழும் வாசகர் ஒருவர்: எட்டு வருடமாகச் சறுக்குகிறேன். உயரம் 172 செ.மீ., எடை 70 கிலோ. 163 செ.மீ. நீளம், 78 மி.மீ. இடை கொண்ட ஸ்கீ வைத்திருக்கிறேன். சீர்செய்த பாதையில் அது அருமையாக இருக்கிறது. ஆனால் புதிதாகப் பெய்த பனியில் இறங்கினால் முனை புதைந்துபோகிறது. நீளமானதை வாங்கினால் திருப்ப முடியாமல் போய்விடுமோ என்ற தயக்கம்.

உங்கள் தயக்கத்தைப் போக்குவது எளிது. பனியில் புதைவது உங்கள் குறையால் அன்று. பரம்புப் பலகை குறுகலாகவும் குட்டையாகவும் இருந்தால் சேற்றில் இறங்கத்தான் செய்யும். 78 மி.மீ. இடை கெட்டிப் பாதைக்கென்று செய்தது. விளிம்பிலிருந்து விளிம்புக்கு விரைவாக மாறும். ஆழ்பனியில் மிதக்க 100 மி.மீ. அளவுக்கு இடை வேண்டும்.

நீளத்துக்கு வருவோம். அந்த அகலத்தில் கிடைக்கும் ஸ்கீகள் பெரும்பாலும் ராக்கர் வடிவம் உடையவை. அதாவது முனை, பழைய ஸ்கீயைப்போலக் கடைசி ஒரு சாணில் திடீரென்று மேலே வளையாமல், நெடுந்தூரம் முன்பிருந்தே தோணியின் மூக்கைப்போல மெல்ல எழும்பிச் செல்லும். சிலவற்றில் வாலும் அப்படியே. இப்படிப்பட்ட ஸ்கீயைக் கெட்டிப்பனியில் வைத்தால் முனையும் வாலும் தரையைத் தொடுவதே இல்லை. 176 செ.மீ. என்று எழுதியிருந்தாலும் பனியோடு சேர்ந்து ஓடும் விளிம்பு அதைவிடக் கணிசமாகக் குறைவு. அதனால் திருப்பும்போது அது உங்கள் பழைய ஸ்கீயைப் போலவே கால் நுனியில் சுழலும். ஆழ்பனியில் புகுந்ததும் முழு நீளமும் சேர்ந்து மிதக்க வைக்கும். ராக்கர் உள்ள ஸ்கீயை வழக்கத்தைவிட 5 முதல் 10 செ.மீ. கூட்டி எடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். எட்டு வருடம் பழகிய உங்களுக்கு 172 முதல் 178 வரை தாராளமாகப் பொருந்தும். மரங்களுக்கு நடுவே நெளிந்து போவதில் விருப்பம் அதிகம் என்றால் 172 பக்கம் நில்லுங்கள். திறந்த பெருஞ்சரிவில் விரைவாக இறங்குவதுதான் இன்பம் என்றால் 178 எடுங்கள்.

163ஐ விற்றுவிடாதீர்கள். காலராடோவிலும் பனி பெய்யாத வாரங்கள் உண்டு. அன்றைக்கு 100 மி.மீ. அகல ஸ்கீயைக் கெட்டிப் பாதையில் விளிம்பேற்றுவது முழங்காலுக்கு வேலை. வாங்கும் முன் இரண்டு நீளங்களையும் ஒரே நாளில் வாடகைக்கு எடுத்து, ஒரே சரிவில் ஓட்டிப் பாருங்கள். ஐந்து செ.மீ. வேறுபாட்டை எழுத்தில் படித்து உணர முடியாது. காலுக்கு அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

குன்றக்குடி வாசகி ஒருவர்: பெண்களுக்கென்று தனி ஸ்கீ விற்கிறார்களே, அதைத்தான் வாங்க வேண்டுமா?

கட்டாயமில்லை. அவை பெரும்பாலும் எடை குறைவாகவும் இளகிய வளைவோடும், குட்டை நீளங்களிலும் கிடைப்பவை. சிலவற்றில் பைண்டிங்கைச் சற்று முன்தள்ளிப் பொருத்துவார்கள். உங்கள் எடைக்கும் பழக்கத்துக்கும் அது பொருந்தினால் வாங்கலாம். வலுவாகவும் விரைவாகவும் சறுக்குகிற பெண்ணுக்கு அது போதாமல் போகும்; மெலிந்த ஆணுக்கு அதுவே பொருந்தவும் கூடும். பெயரைப் பார்க்காமல் நீளத்தையும் விறைப்பையும் பாருங்கள்.

புதுவயல் பள்ளி மாணவி ஒருவர்: குளிர்கால ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது சில வீரர்கள் குட்டையான ஸ்கீயிலும் சிலர் மிக நீளமான ஸ்கீயிலும் வந்தார்கள். எல்லோரும் தேர்ந்தவர்கள்தானே, ஏன் இந்த வேறுபாடு?

கூர்ந்து பார்த்திருக்கிறாய், அம்மா. நீளம் என்பது திறமையை மட்டும் பொறுத்ததன்று, செய்யும் வேலையையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஸ்லாலம் போட்டியில் கம்பங்கள் மிக நெருக்கமாக நட்டிருக்கும். கண் இமைக்கும் நேரத்துக்குள் இடமும் வலமும் திரும்ப வேண்டும். அதற்கு ஆண்கள் 165 செ.மீ., பெண்கள் 155 செ.மீ. அளவில் ஸ்கீ மாட்டுகிறார்கள். சர்வதேச ஸ்கீ சம்மேளனம் இதற்குக் கீழே போகக்கூடாது என்று குறைந்தபட்ச அளவு வைத்திருப்பதால்தான் அங்கே நிற்கிறார்கள். இல்லாவிட்டால் இன்னும் குட்டையாக எடுப்பவர்கள் இருப்பார்கள். ஜயண்ட் ஸ்லாலத்தில் கம்பங்கள் விலகி இருக்கும், வேகமும் கூடும். அங்கே ஆண்களுக்கு 193, பெண்களுக்கு 188. டவுன்ஹில் என்ற போட்டியில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறார்கள். திருப்பங்கள் குறைவு, அதிராமல் ஓடுவதே முக்கியம். ஆகவே ஆண்களுக்கு 218, பெண்களுக்கு 210. ஒரே வீரர் மூன்றிலும் கலந்துகொண்டால் மூன்று நீளங்களையும் மாற்றி மாற்றி மாட்டுவார்.

2022இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் போனவர் காஷ்மீரைச் சேர்ந்த ஆரிஃப் கான் ஒருவர்தான். அவர் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் இரண்டிலும் இறங்கினார். ஜயண்ட் ஸ்லாலத்தில் 45ஆவது இடம் பெற்றார். அடுத்த முறை பார்க்கும்போது ஸ்கீயின் நீளத்தைப் பார்த்தே எந்தப் போட்டி என்று நீ உன் வீட்டாருக்குச் சொல்லலாம்.

காரைக்குடி வாசகர் ஒருவர்: ஸ்கீயோடு கையில் பிடிக்கும் கோல்களுக்கும் அளவு உண்டா?

உண்டு. கோலைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடி தரையில் ஊன்றியிருக்க, நுனிக்கு அருகிலுள்ள வட்டுக்குச் சற்றுக் கீழே கையால் பிடியுங்கள். மேற்கை உடம்பை ஒட்டியும், முழங்கை செங்கோணமாக மடங்கியும், முன்கை தரைக்கு இணையாகவும் இருந்தால் அளவு சரி. பூட்ஸை மாட்டிக்கொண்டே அளந்து பாருங்கள். அதன் அடி சில செ.மீ. உயரம் கூட்டும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்குப் பெரும்பாலும் 115 செ.மீ. கோல் பொருந்தும். முதல் இரண்டு நாள் ஆசிரியர் கோலே வேண்டாம் என்று வாங்கி வைத்துவிடக்கூடும்; கையை ஊன்றிச் சமாளிக்காமல் காலால் நிற்கப் பழக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வார், கொடுத்துவிடுங்கள்.